கேப்டன் என்றால் எந்தக் கேப்டன்? முப்படைக்கும் ஒரே சொற்பட்டியல்

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். பொதுவில் கிடைக்கும் ஆவணங்களை வைத்து மலேசிய முப்படைக்குமான சொற்பட்டியல் ஒன்றைக் கட்டுகிறோம். பிறகு அதையே படைகள் தரவு பகிரும் பொது ஏற்பாட்டுக்கு, அதாவது தரவுவெளிக்கு, அடிப்படையாக்க எண்ணம். பட்டர்வொர்த்தில் கூட்டுத் தலைமையகம் வைத்திருக்கும் ஐந்து நாடுகள் தற்காப்பு ஏற்பாட்டின் மற்ற நான்கு நாட்டுச் (பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர்) சொற்களையும் பிறகு இணைக்க வேண்டும். இப்போதைக்கு எக்செலில் மலாய் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். ‘கேப்டன்’ என்று தேடினால் தரைப்படையும் கடற்படையும் கலந்து வருகின்றன. எங்கே தப்பு?

செந்தூல்காரன்:
சொல்லுக்கு ஒரு வரி ஒதுக்கியதுதான் தப்பு. பொருளுக்கு ஒரு வரி வைங்க. நேட்டோ பதவிக் குறியீட்டில் தரைப்படைக் கேப்டன் ஓஎஃப்-2 (ஓஎஃப் என்றால் அதிகாரி நிலை; எண் கூடினால் பதவி உயரும்). கடற்படைக் கேப்டன் ஓஎஃப்-5, கர்னலுக்குச் சமம். ‘ஸ்குவாட்ரன்’ இதைவிட மோசம்: விமானப்படையில் விமானங்களின் தொகுதி, பொறியாளர் படையில் கம்பெனி அளவுப் பிரிவு.

ஒவ்வொரு பொருளுக்கும் வெறும் எண்ணாக ஓர் அடையாளம் கொடுங்க. சொல்லை அதில் நுழைத்தால், நாளைக்குச் சொல் மாறும்போது இணைப்பெல்லாம் அறுந்துவிடும். அடுத்து விளக்கம், மூல ஆவணம், தேதி. கடைசியில்தான் பெயர். ஸ்காஸ் (SKOS, சொற்பட்டியல்களைக் கணினிக்குப் புரியும்படி எழுதும் தரம்) படி ஒரு பொருளுக்கு மொழிக்கு ஒரே முதன்மைப் பெயர். மிச்சமெல்லாம் மாற்றுப் பெயர்.

நாடுகளை இணைக்கும்போதுதான் வம்பு. ஸ்காஸில் ‘அப்படியே சமம்’ என்று சொல்லும் எக்ஸாக்ட்மேட்ச் இணைப்பு சங்கிலியாக ஓடும்: அ=ஆ, ஆ=இ என்று போட்டால் அ=இ என்று கணினியே முடிவு கட்டிவிடும். ‘ஏறக்குறைய சமம்’ என்னும் குளோஸ்மேட்ச் அப்படித் தொடராது. சந்தேகம் என்றால் அதுதான்.

பிறைவாசி:
இரகசியத் தரங்களை அகராதி பார்த்து இணைக்காதீங்க. மலேசியாவில் நமக்கு ரஹ்சியா பெசார் (டாப் சீக்ரெட்), ரஹ்சியா (சீக்ரெட்), சூலிட் (கான்ஃபிடென்ஷியல்), தெர்ஹாட் (ரெஸ்ட்ரிக்டட்) என நான்கு. பிரிட்டன் 2014 ஏப்ரலில் கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட் இரண்டையும் கைவிட்டு மூன்று தரத்துக்கு மாறியது. ஆகவே சூலிட்டுக்கு அங்கே நேரிணை கிடையாது. எது எதற்குச் சமம் என்பதை நாடுகளின் ஒப்பந்தம்தான் சொல்லணும். பழைய கோப்புகளில் பழைய தரம் இருக்கும். அந்த வரிகளை அழிக்காமல் ‘வழக்கொழிந்தது’ என்று குறிச்சிடுங்க.

ஜெலுத்தோங்வாசி:
தரவுவெளி என்றால் எல்லாத்தையும் ஒரே சர்வரில் கொட்டணுமா?

செந்தூல்காரன்:
கூடவே கூடாது. தரவு உரியவரிடமே இருக்கட்டும். என்ன தரவு யாரிடம் இருக்கிறது என்ற விவரப் பட்டியலை மட்டும் டிகேட் (DCAT, தரவுப் பட்டியல்களுக்கான தரம்) வடிவில் பகிருங்க. தலைப்பே இரகசியத்தைச் சொல்லிவிடும், அதனால் பட்டியலின் வரிக்கு வரி தனித் தரம் வேணும். உள்ளே வரும் கோப்பை ஷேக்கல் (SHACL, தரவின் அமைப்பு சரியா என்று பார்க்கும் தரம்) விதிகளால் சோதிங்க. எந்த டன் என்று சொல்லாமல் ‘40 டன்’ வந்தால் திருப்பி அனுப்புங்க: மெட்ரிக் டன் 1,000 கிலோ, அமெரிக்க டன் சுமார் 907, பழைய பிரிட்டிஷ் டன் சுமார் 1,016. பாலத்தில் டாங்கி ஏற்றும்போது 40 டன்னில் சுமார் 4,350 கிலோ வரை பிசகும்.