நாவல் எழுதும் காலத்தில் நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?

நண்பர்களுக்கு வணக்கம். எழுதிக்கொண்டே வாசிப்பையும் விடாதவர்களிடம் யோசனை கேட்கிறேன்.

திருபுவனத்துப் பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்றைப் பற்றி என் முதல் நாவலை எழுதி வருகிறேன். அலுவலகம், வீடு எல்லாம் போக, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கென்று நேரம் கிடைக்கிறது. வாசிக்க உட்கார்ந்தால் அன்றைக்கு எழுத்து நின்றுவிடுகிறது. எழுதினால், சென்னைப் புத்தகக் காட்சியில் ஆசையாக வாங்கியவை தலைமாட்டிலேயே கிடக்கின்றன.

நேரம்கூடப் பரவாயில்லை. பிடித்த ஒரு நாவலில் மூழ்கி எழுந்தால், மறுநாள் என் பாத்திரங்கள் அந்த ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதற்குப் பயந்து வாசிப்பை நிறுத்தினாலோ சொற்கள் வறண்டுபோகின்றன. கதையின் இன்பத்துக்காக மட்டும் வாசிப்பதும் அரிதாகிவிட்டது. ‘இந்தக் காட்சியை எப்படிக் கட்டினார்?’ என்றே மனம் ஆராய்கிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப், அஞ்சல் துறை வேலைக்குப் போகுமுன் காலை 5.30 மணிக்கே எழுத உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கால் மணிக்கு 250 சொற்கள். அந்த வேகம் எனக்கு வேண்டாம், ஆனால் விடியலை எழுத்துக்கும் இரவை வாசிப்புக்கும் ஒதுக்கிப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அது நீடித்ததா? நாவல் எழுதும்போது கவிதை, பயண நூல், மொழிபெயர்ப்பு என்று மாறினால் பிறர் நடை தொற்றாமல் இருக்குமா? சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எழுதுபவர்கள் அவசியம் பதில் சொல்லுங்கள்.