வேகமும் ஏறணும், கையும் தாங்கணும்: பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர்களோடு பழகியவர்களின் அனுபவங்கள்

பள்ளி வயதுப் பையன்களுக்குப் பயிற்சி தருபவர்:

என்னிடம் வரும் பையன்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்கும் கேள்வி, "கோச், 90 மைலை எப்போ தொடுவேன்?" என்பதுதான். அந்த ஆசையில் தப்பே இல்லை. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 2008ல் ஃபாஸ்ட்பாலின் (முழு வேகத்தில் எறியும் பந்தின்) சராசரி வேகம் மணிக்கு 92 மைல் பக்கத்தில் இருந்தது, இப்போது 94ஐத் தாண்டிவிட்டது, ஆள் எடுக்க வருகிறவர்களும் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடுதான் வருகிறார்கள். வேகம் வேண்டாம் என்று சொல்லி ஒரு பிட்சரை வளர்க்க முடியாது.

ஆனால் அந்த வேகத்தைக் கையில் தேடுகிறார்களே, அங்கேதான் சிக்கல். ஒரு பையன் வந்தான், நல்ல உயரம், நீளமான கை, ஆனால் எறிவது முழுக்கத் தோளால் மட்டும். முன்கால் குட்டையாக விழும், தரையைத் தொட்டதும் முழங்கால் மடங்கிப் போகும், இடுப்பும் மார்பும் ஒரே நேரத்தில் திரும்பும். இடுப்பு முன்னால் திறந்து, மார்பு ஒரு கணம் பின்தங்கி, முன்கால் உறுதியாக ஊன்றி நின்றால்தான் காலில் பிறந்த விசை மேலே ஏறிக் கைக்கு வரும். அதனால் கொஞ்ச காலம் அவன் கையைப் பற்றி நான் பேசவே இல்லை. டெட்லிஃப்ட், ஒற்றைக்கால் ஸ்குவாட், மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்தை) பக்கவாட்டில் சுவரில் அடிப்பது, நன்றாகச் சாப்பிடுவது, தூங்குவது, அவ்வளவுதான். எறியும் பந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலே ரேடாரில் எண் ஏறியது. அவனைவிட அவன் எறிவதைப் பிடிக்கும் கேட்சர்தான் முதலில் கவனித்தான், உள்ளங்கை எரிகிறது என்று புகார்!

ஒரு பிட்சரின் அம்மா:

சார் சொல்வது சரி, ஆனால் வீட்டிலிருந்து பார்க்கிற எங்களுக்கு வேறு கவலை. என் மகனுக்கு 14 வயது, இரண்டு அணிகளில் ஆடுகிறான். இளம் பிட்சர்களின் கையைக் காக்க அமெரிக்காவில் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் விதிகள் 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து என்கின்றன, 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் 4 நாள் ஓய்வு. இரண்டு அணியிலும் ஒழுங்காக எண்ணினார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் எண்ணியது இன்னொருவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஒரு அணிக்கு 70 பந்து எறிந்தவன் சனிக்கிழமை இன்னொரு அணிக்கு மவுண்டில் (பிட்சர் நின்று எறியும் மேட்டில்) நிற்கிறான், இரண்டு தாளிலும் கணக்கு சுத்தமாக இருக்கிறது! நடுவில் ஒரு ஆட்டத்தில் கேட்சராக வேறு உட்கார வைத்தார்கள், அங்கிருந்து அவன் எறிந்ததை யாருமே எண்ணவில்லை. இப்போது நோட்டு என் கையில். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கோச்சுக்கும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோ:

அம்மா, நீங்கள் வைத்திருக்கும் அந்த நோட்டு எங்கள் ஸ்கேனைவிடப் பெரிய உதவி. ஏன் என்று சொல்கிறேன். வேகமாக எறியும்போது தோள் நொடிக்குச் சுமார் 7000 டிகிரி வேகத்தில் சுழல்கிறது, அந்த முறுக்கில் முழங்கையின் உள்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) ஏறக்குறைய தன் தாங்கும் எல்லையிலேயே வேலை செய்கிறது. முன்கைத் தசைகள் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால்தான் அது பிழைக்கிறது. தசை களைத்துவிட்டால் சுமை முழுவதும் லிகமென்ட் தலையில். 2006ல் வந்த ஆய்வு ஒன்றில், களைத்த கையோடு அடிக்கடி எறிந்த இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் அபாயம் 36 மடங்கு. ஆண்டில் 8 மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு அப்பா வந்தார், மகன் கையில் எந்தக் கிழிசலும் இல்லை, "டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் வேகம் கூடுமாமே, இப்பவே செய்துவிடலாமா?" என்று நிஜமாகவே கேட்டார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அது கிழிந்த முழங்கை லிகமென்டை மாற்றும் அறுவை சிகிச்சை. 1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை டாமி ஜான் என்ற மேஜர் லீக் பிட்சருக்குச் செய்தார், டாமி ஜான் திரும்பி வந்து 1989 வரை ஆடி மேலும் 164 ஆட்டங்கள் வென்றார், இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 1975 முழுவதும் அவர் ஆடவே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. லிகமென்டை மாற்றுவதால் வேகம் வராது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாகக் கால், இடுப்பு, தோளுக்கு விடாமல் செய்யும் பயிற்சியால்தான் சிலருக்கு வருகிறது, அதே பயிற்சியைக் கத்தி படாமலே செய்யலாமே!

பயிற்சியாளர் மீண்டும்:

கனப் பந்து பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாதாரணப் பந்து 5 அவுன்ஸ், அதைவிடக் கனமானதையும் லேசானதையும் எறிந்து பழகுவது வேகத்தைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. 2018ல் வெளியான 6 வார ஆய்வில் வேகம் 3.3 சதவீதம் ஏறியது, ஆனால் அந்தக் குழுவில் 24 சதவீதம் பேருக்குக் காயம், சாதாரணப் பந்து எறிந்த குழுவில் ஒருவருக்கும் இல்லை. அதனால் எலும்பு வளர்ச்சி முடியாத பையன்களிடம் நான் அதைக் கொடுப்பதே இல்லை. பெரியவர்களுக்கும் தோள் அசைவின் அளவைப் பார்த்து, வலிமைப் பயிற்சி செய்த அடித்தளம் இருந்தால் மட்டும், மற்ற எறிதலைக் குறைத்துக்கொண்டுதான்.

அப்புறம், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டால் எந்தப் பிட்சரும் "நல்லா இருக்கு கோச்" என்றுதான் சொல்வான், சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம். அதனால் 1லிருந்து 10க்குள் ஒரு எண் கேட்கிறேன். 5 என்று சொன்னவனை அன்று உட்கார வைத்துவிட்டு, அடுத்த முறை அவனையே முதல் ஆளாக மவுண்டில் ஏற்றுகிறேன். இதை நாலு பேர் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உண்மையான எண்ணைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அம்மா:

சார், சீசன் முடிந்து 4 மாதம் பிட்சிங்கே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். திரும்ப எப்படித் தொடங்குவது?

பயிற்சியாளர்:

நேரே மவுண்டுக்குப் போகக் கூடாது. முதலில் கிட்ட நின்று லேசாக எறிந்து பிடிக்கட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லை என்றால் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், பிறகு சமதரையிலிருந்து கேட்சருக்கு, அதற்கப்புறம் பாதி வேகத்தில் மவுண்ட். வளைவுப் பந்து எல்லாவற்றுக்கும் கடைசியில். ரேடார் கன்னை அதுவரை பையிலேயே வைத்திருங்கள்.