பிரிஸ்டல் ஜார்ஜியன் ஹவுஸ்: பெரோ வேலைக்காரரா?

பழஞ்சுவர்: நேற்று ஒருவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள ஜார்ஜியன் ஹவுஸ் படங்களைப் போட்டு, "7, கிரேட் ஜார்ஜ் தெரு. சர்க்கரை வணிகர் ஜான் பின்னி 1790 வாக்கில் கட்டிய வீடு. பீரோ என்ற விசுவாசமான வேலைக்காரரும் உடன் இருந்தார்" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்காரரா? 1765இல் கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவில் 12 வயதுப் பையனை, இரண்டு தங்கைகளோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கினார் பின்னி. சம்பளம் பேசியா கூட்டி வந்தார்?

வெள்ளிக்கரண்டி: அந்த 'ஒருவர்' நான்தான். நேராகவே திட்டலாம். 1772இல் சாமர்செட் என்ற அடிமையின் வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பீரோ இங்கிலாந்து வந்தது 1783இல். அப்புறம் அடிமை எங்கே? வேலைக்காரர்தான்.

பழஞ்சுவர்: தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் சார். அடிமையை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாகப் பிடித்துக் கப்பலேற்றக் கூடாது, அவ்வளவுதான். பின்னி வீட்டிலேயே அடிமையாக இருந்த ஃபேனி கோக்கர் என்ற பெண்ணை 1778இல் பின்னி விடுவித்தார். பெரோ 1798இல் சாகும்வரை அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அப்புறம், பெரோ. பீரோ என்றால் துணி அடுக்கி வைப்பது.

சுக்குக்காப்பி: ஜார்ஜியா ரஷ்யா பக்கம்தானே? இங்கிலாந்தில் எப்படி?

வெள்ளிக்கரண்டி: ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வீடு ஐயா. 1714 முதல் 1830 வரை. இதற்கும் நான்தான் வகுப்பு எடுக்க வேண்டுமா?

மாடிப்படி: வீட்டைப் பற்றி யாராவது பேசுவீர்களா? வடிவமைத்தவர் வில்லியம் பேட்டி. அடித்தளத்தில் கல்லால் கட்டிய குளிர்நீர்த் தொட்டி, ஆள் இறங்கி முங்கலாம். நான் மணிக்கணக்காய் நின்று பார்த்தேன்.

பழஞ்சுவர்: முங்கியவர் முதலாளி. தொட்டி கட்டிய காசு நெவிஸ் கரும்புத் தோட்டத்துக் காசு, அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். வேலைக்காரர்கள் இல்லை. அ-டி-மை-கள்.

மாடிப்படி: இவருக்கு எதைக் கொடுத்தாலும் அங்கேயே போய் நிற்பார். போன மாதம் நான், அந்தக் காலத்தில் ஜன்னல்களை எண்ணிப் போட்ட ஜன்னல் வரி பற்றிப் பேசியபோதும் இதே கதை.

பழஞ்சுவர்: அன்று நீங்கள் சொன்னதும் தப்பு. அடைத்த ஜன்னல் எல்லாமே வரியைத் தவிர்க்க அடைத்தது இல்லை. வெளிச்சுவர் சீராகத் தெரிய வேண்டும் என்று கட்டும்போதே வெறும் ஜன்னல் வடிவம் வைப்பதும் உண்டு.

வெள்ளிக்கரண்டி: துறைமுகத்தில் 1999இல் நடைபாலம் கட்டி பீரோ பெயரையே வைத்தாகிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

பழஞ்சுவர்: 'வேலைக்காரர்' என்று எழுதியதை நீக்குங்கள். அது போதும்.

வெள்ளிக்கரண்டி: நீக்க மாட்டேன். பீரோவும் அப்படியேதான் இருக்கும்.

பழஞ்சுவர்: பெரோ!