நேரில் பார்த்தவர்களே மாற்றி மாற்றிச் சொன்னால் கோர்ட் எதை நம்பும்?

மூட்கோர்ட்_மாணவி:

மூட் கோர்ட்டுக்கு (சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டி) கொடுத்திருக்கும் வழக்கு இது. இரவு 8 மணி, டீக்கடை வாசலில் அரிவாள் வெட்டு, ஆள் அங்கேயே இறந்துவிட்டார். எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) இரண்டு பேர். அ.சா.1 (அரசு தரப்பின் முதல் சாட்சி) இறந்தவரின் தம்பி. "இரண்டாம் எதிரி பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், முதல் எதிரி கழுத்தில் வெட்டினார்" என்கிறார். அ.சா.2 கடைக்காரர். "முதல் எதிரி தோளில் வெட்டியதைப் பார்த்தேன், வேறு யாரையும் பார்க்கவில்லை" என்கிறார். அ.சா.3 முதல் விசாரணையில் (அரசு வழக்கறிஞர் கேட்டபோது) எல்லாம் சொல்லிவிட்டு, குறுக்கு விசாரணையில் "எனக்கு எதுவும் தெரியாது" என்று பிறழ்ந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் கழுத்தும் இடது தோளும் சேரும் இடத்தில் 12 செ.மீ. வெட்டு, இடது முன்கையின் வெளிப்புறத்தில் இன்னொரு வெட்டு. கையைப் பிடித்த விஷயம் தம்பியின் போலீஸ் வாக்குமூலத்தில் இல்லை.

நான் எதிரிகள் தரப்பு. இத்தனை முரண்பாட்டைக் காட்டி இருவருக்கும் விடுதலை கேட்கலாமா?

செஷன்ஸ்_பக்கம்:

கேட்கலாம். ஆனால் இருவரையும் ஒரே வாதத்தில் கட்டினால் இரண்டாம் எதிரியின் நல்ல கேஸும் கெட்டுப்போகும். முரண்பாடு எத்தனை என்று எந்த நீதிபதியும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. யார் செய்தார், எந்த ஆயுதத்தால், எங்கே என்ற மையத்தில் அது இடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

கழுத்து, தோள் என்ற வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். காயமே இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது, ஒருவர் கழுத்து என்றும் இன்னொருவர் தோள் என்றும் சொன்னது இயல்பு. சாட்சியின் மூளை வீடியோ கேமரா இல்லை, நேரமும் தூரமும் குத்துமதிப்பாகத்தான் வரும் என்று 1983-இல் பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. எல்லாச் சாட்சியும் வரி பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால்தான் சொல்லிக்கொடுத்ததோ என்ற சந்தேகம் வரும்.

"தம்பி, அதனால் நம்பக் கூடாது" என்பதும் எடுபடாது. உறவினர் வேறு, வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் வேறு. நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிடுவது அரிது என்பது 1953-இலேயே தலிப் சிங் வழக்கில் சொன்னது. முன்பகை இருந்தால் மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

உங்கள் பலம் இரண்டாம் எதிரியிடம் இருக்கிறது. வடிவேலு தேவர் வழக்கில் (1957, அன்றைய மெட்ராஸ் மாநிலத்திலிருந்து போனது) சாட்சிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் உள்ளவர். முதல் வகையில் ஒரே சாட்சி போதும். சாட்சிக்கு எண்ணிக்கை தேவையில்லை என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 134, புதியதில் 139. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். தம்பியை முதல் எதிரி விஷயத்தில் கடைக்காரரும் காயமும் தாங்குகிறார்கள். கையைப் பிடித்தார் என்பதைத் தாங்க யாருமில்லை.

முன்கை வெட்டை அழுத்திப் பேசுங்கள். வெளிப்புறத்தில் விழும் வெட்டு, ஓங்கி வரும் ஆயுதத்தைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது விழுவது. இரண்டு கையும் பின்னால் பிடிபட்டிருந்தால் அது எப்படி விழும்? இதை மருத்துவரிடமே குறுக்கு விசாரணையில் கேட்டுப் பதிவாக்க வேண்டும். கடைசி வாதத்தில் முதல் முறையாகச் சொன்னால் பாதி பலம் போய்விடும்.

ஒன்றில் பொய் என்றால் எல்லாமே பொய் என்ற விதி நம் நாட்டில் இல்லை. உமியை ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்வார்கள். அதனால் தம்பியின் சாட்சியத்தில் ஒரு பகுதி விழுந்தாலும் முதல் எதிரி தப்பிவிட மாட்டார்.

குறுக்கு_விசாரணை:

மேலே உள்ளதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாரும் வழுக்கி விழும் இடம் வேறு. வாக்குமூலத்தில் ஒரு விஷயம் இல்லை என்பது கேஸ் கட்டில் தெரிந்தால் போதாது, சாட்சியப் பதிவில் ஏற வேண்டும். போலீசிடம் சொன்ன 161 வாக்குமூலம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு, புதியதில் 180) தானாக ஆதாரமாகாது. சாட்சியை முரண்படுத்த மட்டும்தான் எதிரி தரப்பு அதைப் பயன்படுத்தலாம்.

முதலில் தம்பியிடம் நேராகக் கேட்க வேண்டும்: "இரண்டாம் எதிரி கையைப் பிடித்துக்கொண்டார் என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை என்றால் சரிதானா?" "சரியல்ல, சொன்னேன்" என்பார். அதோடு விட்டால் ஒன்றுமில்லை. புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அதே வாசகத்தை அவரிடம் கேட்டு, "அ.சா.1 என் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை என்றால் சரிதான்" என்று பதிலை வாங்க வேண்டும். அப்போதுதான் அது நிரூபணமாகிறது. தம்பியிடம் கேட்காமல் அதிகாரியிடம் மட்டும் கேட்டால், விளக்கம் சொல்ல சாட்சிக்கு வாய்ப்பே தரவில்லை என்று தள்ளிவிடுவார்கள்.

வாக்குமூலத்தில் வேறு மாதிரி இருந்தால், அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். முழு வாக்குமூலத்தையும் குறியீடு செய்வது (ஆவண எண் கொடுத்துப் பதிவில் ஏற்றுவது) தவறு. அவர் ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் நிரூபிக்கத் தேவையில்லை.

விடுபட்டதெல்லாம் முரண்பாடு ஆகாது. பழைய பிரிவு 162-இன் விளக்கப்படி (இப்போது 181) அந்தச் சூழலில் அது முக்கியமானதாக இருக்க வேண்டும். சட்டையின் நிறம் விடுபட்டால் ஒன்றுமில்லை. கொலையில் ஒரு எதிரி செய்த ஒரே செயலே விடுபட்டிருக்கிறது, இதைவிட முக்கியமானது எது?

மகஜர்_வாசகன்:

அ.சா.3 பற்றி யாரும் சொல்லவில்லை. பிறழ்ந்த சாட்சியின் பேச்சு முழுவதையும் அழித்துவிட மாட்டார்கள். மற்ற ஆதாரத்தோடு பொருந்தும் பகுதியை, அது யாருக்குச் சாதகமாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளலாம் (சத் பால் வழக்கு, 1976). அவருடைய முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். 2015-இல் வினோத் குமார் என்ற லஞ்ச வழக்கில் அந்த இடைவெளி ஏறக்குறைய 20 மாதம். அதற்குள் சாட்சி மாறிவிட்டார், உச்ச நீதிமன்றம் அந்தத் தள்ளிவைப்பைக் கடுமையாகக் கண்டித்து, தண்டனையை உறுதி செய்தது. இடைவெளி நீளமாக இருந்தால் அரசு வழக்கறிஞர் இதைத்தான் எடுப்பார், பதிலோடு போங்கள்.

பிறகு இரண்டு காகிதங்கள். பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடத்திலும் விளக்கு குறிக்கப்பட்டிருக்கிறதா, தம்பி நின்ற இடம் எத்தனை அடி தூரம்? எஃப்.ஐ.ஆரில் மாஜிஸ்ட்ரேட் கைப்பட எழுதிய தேதியும் நேரமும் என்ன? 9 மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர் மறுநாள் மதியம்தான் மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ச் சேர்ந்திருந்து, அதற்கு விளக்கமும் இல்லையென்றால், இரண்டாம் எதிரியின் பெயர் பின்னால் சேர்ந்ததோ என்று கேட்க இடமுண்டு. தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது, மற்ற சந்தேகத்தோடு சேரும்போதுதான் வலுக்கும்.

மூட்கோர்ட்_மாணவி:

நன்றிங்க. தம்பியிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது, "சொன்னேன்" என்றிருக்கிறார். ஆனால் அதிகாரியின் சாட்சியத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருத்துவரிடமும் முன்கைக் காயம் பற்றிக் கேட்கவில்லை.

குறுக்கு_விசாரணை:

அப்படியானால் விடுபாடு நிரூபணமாகவில்லை, அதை முதல் வாதமாக வைக்காதீர்கள். உண்மையான வழக்கு என்றால் அதிகாரியை மீண்டும் அழைக்க மனு போடலாம் (பழைய 311, இப்போது 348), மூட் கோர்ட்டில் அதற்கு வழியில்லை. கடைக்காரரிலிருந்து தொடங்குங்கள். அரசு தரப்பே கூண்டில் ஏற்றிய, யாருக்கும் உறவில்லாத சாட்சி, தன் கடை வாசலில் வேறு யாரையும் பார்க்கவில்லை என்கிறார். அடுத்து பிரேதப் பரிசோதனை அறிக்கையில் முன்கைக் காயத்தின் இடத்தை வாசித்துக் காட்டுங்கள், மருத்துவர் சொல்லாத கருத்தை அவர் வாயில் வைக்காமல். முதல் எதிரிக்கு விடுதலை வாதத்தைத் தனியாக, சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.