தசைத் திசு ஸ்லைடுகளும் நுண்ணோக்கியும் இரவல் தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை ஆகிய மூன்றையும் படத்தில் அடையாளம் காணும் பிள்ளைகள், உண்மையான திசுவை இதுவரை பார்த்ததில்லை. ஆகவே, இம்மூன்றின் நிலையான ஸ்லைடுகளையும், 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி ஒன்றையும் சில நாட்களுக்கு இரவல் தந்து உதவுமாறு வேண்டுகிறேன்.

நான் முக்கியமாகக் காட்ட விரும்புவது இதயத்தசையை. எலும்புத்தசையைப் போல அதிலும் குறுக்குவரிகள் உண்டு. ஆயினும் மென்தசையைப் போல அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்குகிறது. கிளைத்த அதன் செல்கள் ஒன்றோடொன்று சேரும் இடைத்தட்டுகளின் வழியே மின்தூண்டல் செல்லுக்குச் செல் பரவுவதால்தான் இதயச் சுவர் ஒருங்கிணைந்து சுருங்குகிறது என்பதை, அத்தட்டுகளைக் கண்ணால் கண்டபின் விளக்கினால் பிள்ளைகளின் மனத்தில் நன்கு பதியும். இதற்கு நீளவெட்டு ஸ்லைடே வேண்டும். குறுக்குவெட்டில் வரிகள் தெரியா.

உணவுக்குழாயின் நடுப்பகுதி ஸ்லைடு எவரிடமாவது இருந்தால் பெரிதும் மகிழ்வேன். மேற்பகுதியின் எலும்புத்தசையும் கீழ்ப்பகுதியின் மென்தசையும் அங்கே கலந்திருப்பதால், இரண்டையும் ஒரே ஸ்லைடில் ஒப்பிடலாம்.

குத்துச்சண்டை பழகும் மாணவர் ஒருவர், மூச்சை நாமே அடக்க முடிகிறபோது உறக்கத்தில் அது எவ்வாறு தானாக நடக்கிறது என்று கேட்டார். மூச்சை இயக்கும் உதரவிதானம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் எலும்புத்தசையே என்றும், மூளைத்தண்டு அதை இடைவிடாது தூண்டுகிறது என்றும் கூறினேன். இதை விரிவாக விளக்க, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயில்வோர் எவரேனும் ஒரு ஞாயிறு மாலை வர இயலுமா? ஸ்லைடுகளை நானே நேரில் வந்து பெற்று, பத்திரமாகத் திருப்பித் தருவேன்.