சிறு தொகை வழக்குகளில் மேல்முறையீடு: விதியை மாற்றினால் செலவு யார் தலையில்?

கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலாளர், மயிலாப்பூர்

வணக்கம். கைமாற்றுக் கடன், பராமரிப்புக் கட்டணப் பாக்கி போன்ற சிறு தொகைகளுக்காக எங்கள் உறுப்பினர்கள் அவ்வப்போது நீதிமன்றம் செல்ல நேர்கிறது. சிறு வழக்கு நீதிமன்றம் விசாரிக்கத்தக்க தன்மையுடைய, 10,000 ரூபாய்க்கு மேற்படாத வழக்கில், சட்டம் சார்ந்த பிரச்சினை எழுந்தாலன்றி மேல்முறையீடு கிடையாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(4) பிரிவு. அந்தத் தடையையே எடுத்துவிட வேண்டும் என்று சங்கத்தில் ஒரு சாராரும், வரம்பை ஒரு லட்சமாக உயர்த்த வேண்டும் என்று மறு சாராரும் வாதிடுகின்றனர். எதைச் செய்தாலும் பொதுப் பணத்துக்கு என்ன ஆகும்? மேல்முறையீடு செய்பவர் செலுத்தும் கட்டணம் போதாதா?

பதில்: வழக்கறிஞர், பாரிமுனை

போதாது, ஐயா. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10,000 ரூபாய் வழக்குக்கு 300 ரூபாய். அதில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ப்பித்து, கீழ் நீதிமன்றத்தின் வழக்கு ஆவணங்களை வரவழைத்து, மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது எங்கே?

ஆனால் பெரிய செலவு மேல் நீதிமன்றத்தில் இல்லை. மேல்முறையீடு இல்லாத வழக்கில் சாட்சியத்தை முழுமையாகப் பதிவு செய்யாமல் அதன் சாரத்தைக் குறித்தால் போதும் என்று அதே சட்டத்தின் 18-ஆம் கட்டளை (விதிகளின் தொகுப்பு) 13-ஆம் விதி அனுமதிக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத் தீர்ப்பில் முடிவு செய்ய வேண்டிய பிரச்சினைகளும் அவற்றின் மீதான முடிவும் இருந்தால் போதும் என்கிறது 20-ஆம் கட்டளை 4-ஆம் விதி. மேல்முறையீட்டைத் திறந்துவிட்டால் இந்தச் சலுகைகளுக்கு இடமிருக்காது. நூற்றில் ஐந்து பேர்தான் மேலே போவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஐவர் யார் என்று முன்கூட்டியே தெரியாததால், நூறு வழக்கிலும் சாட்சியத்தை முழுமையாக எழுதி, நூறு தீர்ப்பிலும் காரணங்களை விரித்துரைக்க வேண்டியிருக்கும். நீதிபதியின் நேரமும் தட்டச்சரின் நேரமும் அங்கேதான் கரையும்.

பதில்: ஓய்வுபெற்ற நீதிமன்றப் பணியாளர்

வழக்கறிஞர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கதவை அடைப்பதும் இலவசமன்று. சென்னை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குரிய 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு தீர்ப்பை இறுதியானதாக்குகிறது. அடுத்த 38-ஆம் பிரிவோ எட்டு நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மறுவிசாரணை கோர வழி விடுகிறது. அதிலும் நிறைவடையாதவர், மேல்முறையீடு இல்லாதபோது கீழ் நீதிமன்றத்தின் பிழையைத் திருத்தக் கோரும் சீராய்வு மனுவோடு உயர்நீதிமன்றத்தில் நிற்பார். கீழே முடிந்திருக்க வேண்டிய சில்லறைத் தகராறுக்கு மாநிலத்தின் மிக விலையுயர்ந்த நீதிபதி நேரம் செலவாகும் என்பதை வரம்பை உயர்த்தச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பதில்: நுகர்வோர் ஆர்வலர், அடையாறு

நுகர்வோர் ஆணையங்களைப் பார்க்கலாமே. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கொடுக்கும்படி மாவட்ட ஆணையத்தால் உத்தரவிடப்பட்டவர் அதில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் மேல்முறையீட்டை ஏற்கும். காலம் கடத்துவதற்காகவே போடப்படும் மனுக்கள் இதனால் குறையும். அரசுக்கும் புதிய செலவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் மேல்முறையீடும் இல்லை, கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பாதித் தொகை கட்டும் நிபந்தனை உண்மையிலேயே பணமில்லாத பிரதிவாதியைத் தடுத்துவிடாதா? வரம்பை உயர்த்துவதில் வழக்கறிஞர் ஐயாவின் நிலைப்பாடு என்ன?

பதில்: வழக்கறிஞர், பாரிமுனை

தடுக்கும், ஆகவே ஏழைப் பிரதிவாதிக்குத் தவணையோ விலக்கோ அளிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்க வேண்டும்.

வரம்பைப் பொறுத்தவரை, 3,000 ரூபாயாக இருந்தது 2002 ஜூலை முதல் 10,000 ஆனது; அதன்பின் அந்த எண் அசையவில்லை. மயிலாப்பூரில் ஒரு மாத வாடகைக்கே அது இன்று காணாது. விலைவாசி ஏற ஏற, அன்று தடைக்குள் இருந்திருக்கும் தகராறுகள் ஆண்டுதோறும் மேல்முறையீட்டுக்கு உரியவையாகி வருகின்றன. செலவை எந்தச் சட்டமன்றமும் கணக்கிட்டு முடிவெடுக்காமலே விதி மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே உயர்த்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்தச் சாட்சியை ஏன் ஏற்றார் என்று நீதிபதி நான்கு வரியாவது எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வர வேண்டும். காரணம் தெரியாமல் தோற்றவர்தான் பெரும்பாலும் உயர்நீதிமன்றப் படியேறுகிறார்.