மெயிலில் கலர், கட்டமெல்லாம் வேணுமா?

ராணிப்பேட்டைக்காரன்: தோல் ஏற்றுமதி ஆபீஸ் வேலை. விலைப்பட்டியலைக் கலர், போல்டு, கட்டம் எல்லாம் போட்டு அனுப்பினால், வாங்குபவரின் அவுட்லுக்கில் சதுர அடி விலை ஒரு கட்டம் தள்ளிப்போய் நிற்கிறதாம். பேசாமல் வெறும் எழுத்திலேயே அனுப்பிவிடலாமா?

காட்பாடி: தாராளமா. விண்டோஸ் அவுட்லுக் 2007லிருந்து வேர்டை வைத்துத்தான் மெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது, கட்டம் ஆடுவது அதனால்தான். யூனிகோடு தமிழும் வெறும் எழுத்தில் ஒழுங்காகப் போகும்.

ஆம்பூர்வாசி: அண்ணே, ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கினாலும் அவர் போனில் கோணலாகத்தான் தெரியும். கடிதம் வெறும் எழுத்து, விலை பிடிஎஃப். 1992இல் வந்த மைம் (MIME) என்ற மெயில் முறையில் வெறும் எழுத்து, கலர்-கட்டம் என இரண்டு வடிவமும் ஒரே மெயிலில் சேர்ந்தே போகும், ஆனாலும் கட்டம் ஆடத்தான் செய்யும்.

ராணிப்பேட்டைக்காரன்: சரி, பிடிஎஃப். முதலாளி கீழே லோகோ கேட்பாரே?

காட்பாடி: அதையும் பிடிஎஃப்பிலேயே ஒட்டுங்க.